பெறப்பட்டவை 215, ஏற்கப்பட்டவை 3

1

இந்தக் கதைக்குக் காரணம் என் வாய். மறைத்துப் பயனில்லை, இரண்டு பக்கம் போனால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

போன வருஷம் திருச்சியில் ஒரு கல்லூரியில் கருத்தரங்கம். (கல்லூரியின் பெயரை எழுதிவிட்டு அடித்தேன். பாவம், சாப்பாடு நன்றாகப் போட்டார்கள்.) தலைப்பு, ‘டிஜிட்டல் காலத்தில் மக்களாட்சியை வலுப்படுத்தச் சில தொழில்நுட்பக் கொள்கை யோசனைகள்’. பேனரில் இரண்டு வரி போதாமல் மூன்றாவது வரியில் ‘யோசனைகள்’ மட்டும் தனியாகத் தொங்கியது. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் இறங்கி எட்டு யோசனைகள் சொன்னேன். எட்டையும் இங்கே பட்டியல் போடப் போவதில்லை, பயப்படாதீர்கள். நாலாவதற்குக் கைதட்டல் விழுந்தது. ஐந்தாவதைச் சொல்லும்போது டீ வந்துவிட்டது. அது ஏதோ எண்களைப் பொதுவில் காட்டுவது பற்றியது. டம்ளர் எடுக்கிற சத்தத்தில் நான் பேசியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நாலாவது இது: ‘அரசு அலுவலகங்கள் இணையத்தில் மக்கள் கருத்தைக் கேட்கும்போது, கூலிக்கு ஆள் பிடித்தும் இயந்திரத்தை வைத்தும் ஆயிரக்கணக்கில் போலிக் கருத்துகளைக் கொட்டிவிடுகிறார்கள். ஆகவே, ஒரே சொற்றொடரில் அமைந்த கருத்துகள் கூட்டாக உருவாக்கப்பட்டவையாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட வேண்டும்.’

நல்ல யோசனைதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். என்னை உட்காரவிடாமல் அடிப்பது அதுதான்.

2

இந்தத் திங்கட்கிழமை, என் வீட்டுக் குடிநீர் இணைப்பில் பெயர் மாற்ற வேண்டி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். மனு வாங்குகிற அலுவலகம், போதும்.) வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் இருந்தவரிடம் கூட்டம் குறைவு என்று போய் நின்றேன். எனக்கு முன்னால் புர்கா போட்ட ஒரு அம்மா. சண்டை நடந்துகொண்டிருந்தது.

“இருநூத்திப் பன்னெண்டு பேருண்ணே. அத்தனை பேர்ல ஒருத்தரு கூடவா ஆளாத் தெரியல?”

“நான் எழுதினது சரியாத்தாம்மா இருக்கு.”

“சரியா இருந்தா எதுக்குத் தள்ளினாங்க?”

“சரியா இருந்ததாலதான் தள்ளிட்டாங்க.”

நான் காதால் கேட்டது இந்த நாலு வரிதான். அந்த அம்மா கோபத்தில் செல்போனை என் பக்கம் திருப்பி, “நீங்களே படிச்சுப் பாருங்க சார்” என்றார். படித்தேன். விதி ஏழு. ‘ஒரே சொற்றொடரில் அமைந்த கருத்துகள் கூட்டாக உருவாக்கப்பட்டவையாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படும்.’

செல்போனை வாங்கி இன்னொரு தடவை படித்தேன்.

என் பேச்சைக் கேட்டு அரசாங்கம் விதி போடும் என்று நம்புகிற அளவுக்கு எனக்குத் திமிர் கிடையாது. யாரும் எங்கிருந்தும் எடுத்திருக்கலாம். ஆனால் கருத்தரங்கில் முன்வரிசையில் ஒருத்தர் டீ கூடக் குடிக்காமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. தவிர, வாசகம் அப்படியே என் வாசகம். என் நாலாவது யோசனைப்படியே பார்த்தால், இரண்டும் ஒரே ஆள் எழுதியவை.

பெயர் மாற்ற மனுவை எழுதிக்கொள்ளாமலேயே பஸ் ஏறிவிட்டேன்.

3

செவ்வாய்க்கிழமை. தொடக்கம் எழுதப் பார்த்தேன்.

‘இருதயநாதன் தினமும் காலை எட்டரைக்கு…’

அடித்துவிட்டேன். எல்லாக் கதையிலும் எவனாவது ஒருத்தன் எட்டரைக்கு ஏதாவது செய்துகொண்டே இருக்கிறான்.

‘மனு என்பது ஜனநாயகத்தின்…’

கருத்தரங்க வாடை. வேண்டாம்.

‘மரத்தடியில் ஒரு பலகை, ஒரு பேனா, ஒரு…’

மூன்று பொருளை அடுக்கினால் ஏழை வந்து உட்கார்ந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை நமக்கு. அதுவும் போயிற்று.

நேராகவே சொல்லிவிடுகிறேன். மனு எழுதுகிறவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது, கேட்கவில்லை. கதைக்காக இருதயநாதன் என்று வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்தொன்பது. மேலப்புதூர் பக்கம் வீடு. மகள் ஆஷ்லி பக்கத்துத் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறாள். மனைவி பாக்கியமேரி உயிரோடு இருக்கிறார். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், முதல் வரைவில் அவரைக் கொன்றிருந்தேன். காரணம் ஒன்றும் கிடையாது. நாயகனுக்கு ஒரு சோகம் இருக்கட்டுமே என்றுதான். எழுதி முடித்து வாசித்தபோது அசிங்கமாக இருந்தது. அந்த அம்மாவைத் திருப்பி வரவழைத்து மீன் குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சண்டை போட்டவர் கமர் ஜஹான். இதுவும் நான் வைத்த பெயர். பாலக்கரைக்குப் பின்னால் ஒரு தெரு. கணவர் காஜா மைதீன் பெல்ட், பர்ஸ் விற்கிற கடை வைத்திருக்கிறார். மகள் இர்பானாவுக்கு இது ஏழாவது மாசம். மருமகன் ஹாலித் ஷார்ஜாவில். இர்பானாவுக்குப் பிரஷர் ஏறுகிறது, கை கால் வீங்குகிறது, வாரத்தில் இரண்டு தடவை பார்த்தே ஆக வேண்டும் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தெரு முனையிலேயே சுகாதார நிலையம் இருப்பதால் கமர் ஜஹான் மகளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்விடுகிறார்.

அந்த நிலையத்தைத்தான் கே.கே. நகரைத் தாண்டி ஒரு புதுக் கட்டடத்துக்கு மாற்றப் போகிறார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அங்கே லிஃப்ட் இருக்கிறது. மக்கள் கருத்தைக் கேட்காமல் செய்ய மாட்டோம் என்று இணையத்தில் ஒரு பக்கமும் திறந்திருக்கிறார்கள். போன் நம்பரைப் போட்டால் ஓடிபி வரும், கருத்தைப் பதியலாம், ஆளுக்கு ஒன்று.

(என் மூன்றாவது யோசனையில் இந்த ஓடிபியும் உண்டு. ஒன்றும் தப்பாகப் போகவில்லை. அதனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.)

4

நடந்தது இதுதான்.

கமர் ஜஹான் விஷயத்தைக் கேள்விப்பட்டதும், அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதி வாங்க நேராக இருதயநாதனிடம் வந்தார். அவர் வேறு எங்கே போவார்? ரேஷன் கார்டு, பட்டா, மகளின் ஸ்காலர்ஷிப் எல்லாம் இந்தப் பலகையில் எழுதி வாங்கியவை. இருதயநாதன் கேட்டார், தலையாட்டினார், எழுதினார்:

‘ஐயா, மேற்படி முகவரியில் நான் என் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். எங்கள் பகுதியில் இயங்கிவரும் சுகாதார நிலையத்தை வேறு இடத்துக்கு மாற்ற இருப்பதாக அறிகிறேன். மேற்படி நிலையத்தை விட்டால் எனக்கு வேறு ஆதரவு எதுவும் இல்லை. ஆகவே, ஐயா அவர்கள் கருணைகூர்ந்து மேற்படி நிலையம் இருக்கும் இடத்திலேயே இயங்க ஆவன செய்யுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

ஆஷ்லி அதை டைப் அடித்தாள். அடிக்கும்போதே கேட்டாள்.

“அப்பா, எல்லாருக்கும் இதையேவா போடுறது? ஆளுக்குக் கொஞ்சம் மாத்திப் போடலாமே?”

“ஒரு கமா மாறக் கூடாது. மனுன்னா மனு மாதிரி இருக்கணும். ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினா உள்ள இருக்கிறவன் விளையாட்டுன்னு நினைப்பான்.”

அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். முப்பத்தோரு வருஷ அனுபவம் அது. ஒருமுறை லால்குடியிலிருந்து வந்த ஒருத்தர், தானே உருக்கமாக நாலு பக்கம் எழுதிக்கொண்டு உள்ளே போனார். ‘பொருள் எங்கே, சார்பாக எங்கே’ என்று தூக்கிப் போட்டார்கள். திரும்பி வந்து இருதயநாதனிடம் எழுதிக்கொண்டு போனார், வாங்கிக்கொண்டார்கள். இப்படி எத்தனையோ. கவுண்ட்டரில் எல்லா மனுவும் ஒரே மாதிரி இருந்தால்தான் மதிப்பு என்பதை அவர் கண்ணால் பார்த்து வளர்ந்தவர். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற சாஃப்ட்வேருக்கு அதே காரணத்தால் பிடிக்காமல் போகும் என்று அவருக்கு யார் சொல்வது?

இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள், இருநூற்றுப் பன்னிரண்டு போன். எல்லோரும் அவரவர் கையால் ஓடிபி போட்டு, அவரவர் விரலால் அழுத்தினார்கள். திங்கட்கிழமை காலை முடிவு வந்தது. முதல் பக்கத்தின் உச்சியில், பெரிய எழுத்தில்:

பெறப்பட்டவை: 215. ஏற்கப்பட்டவை: 3.

அந்த மூன்றையும் ஆஷ்லி படித்துக் காட்டினாள். ஒருத்தர் லிஃப்டைப் பாராட்டியிருந்தார். ஒருத்தர் கார் நிறுத்த இடம் கேட்டிருந்தார். மூன்றாமவர் ‘குட் இனிஷியேட்டிவ்’ என்று போட்டுக் கட்டைவிரல் படமும் போட்டிருந்தார்.

கீழே இன்னொரு வரி. ஒதுக்கப்பட்டவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ‘தங்கள் சொந்த வார்த்தைகளில்’ ஒரே ஒருமுறை மறுபதிவு செய்யலாம்.

5

புதன். இருதயநாதன் உட்கார்ந்து எழுதுகிறார். நானும் ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து, அவர் எழுதுவதை எழுதுகிறேன்.

அவர் செய்யப் பார்த்தது என் வேலை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரை இருநூற்றுப் பன்னிரண்டு விதமாகப் பேச வைப்பது. எனக்கே ஒரு கதையில் நாலு பேருக்கு மேல் வந்தால் எல்லோரும் என்னை மாதிரியே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

முதல் மனு: ‘எங்க வீட்டிலேருந்து எட்டிப் பார்த்தா ஆஸ்பத்திரி தெரியும்…’ நன்றாக இருந்தது. இரண்டாவது, அதே தெரு ஷரபுன்னிசாவுக்கு: ‘சர்க்கரை மாத்திரை வாங்க நான் நடந்துதான்…’ பரவாயில்லை. மூன்று, நாலு, ஐந்து என்று போனார். பதினொன்றாவது வரைக்கும் ஓடியது. பன்னிரண்டாவதில் கை தானாக ‘மேற்படி’க்குப் போய்விட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“என்னய்யா, ஒடம்பு சரியில்லையா?” என்றார் பக்கத்துப் பலகைக்காரர் அற்புதசாமி.

“கையி போகலய்யா.”

“எதுக்குக் கெடந்து அல்லாடுற? அவங்க குடுத்து வெச்சது அவ்வளவுதான்னு விடு.”

“நான் எழுதினதாலதானேய்யா போச்சு. அந்தப் புள்ளைக்கு ஏழு மாசம். எப்படி விடச் சொல்ற?”

ஆத்திரத்தில் குரல் உடைந்துவிட்டது. அற்புதசாமி ஒரு டீ வாங்கி வந்து அவர் பலகையில் வைத்தார்.

(இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஸ்ரீரங்கம் கடைவீதியில் இரண்டு சுற்று நடந்தேன். ஒருத்தரை அழவைக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதற்குக் காரணமான ஆள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கக் கூடாது.)

6

வியாழன். முடிவுகளை எழுதிப் பார்த்தேன். மூன்று வந்தன.

முதல் முடிவு. ஓர் உயர் அதிகாரி தற்செயலாக மரத்தடிக்கு வந்து, விஷயம் தெரிந்து, கண் கலங்கி, விதியை நீக்குகிறார். கிழித்துப் போட்டேன். நீங்களும் கிழிப்பீர்கள்.

இரண்டாவது முடிவு. ஆஷ்லி செயற்கை நுண்ணறிவிடம் சொல்கிறாள். ஐந்து நிமிஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு மனு, ஒன்று மாதிரி ஒன்று இல்லை. அத்தனையும் ஏற்கப்படுகின்றன, நிலையம் அங்கேயே இருக்கிறது, இர்பானாவுக்குச் சுகப்பிரசவம். அடுத்த மாசம் யாரோ ஒரு பெரிய மனுஷர் இதே வழியில் ஐயாயிரம் கருத்து போட்டு அந்தத் தெருவையே எடுத்துக்கொள்கிறார். இதைக் கிழிக்கவில்லை. நடக்கக்கூடியது என்பதால் மேஜையிலேயே இருக்கிறது.

மூன்றாவது முடிவு. ‘பொய்யாக ஜெயிப்பதைவிட உண்மையாகத் தோற்பேன்’ என்று இருதயநாதன் மறுத்துவிடுகிறார். நிலையம் போய்விடுகிறது. வாசகர் நெகிழ்கிறார். இந்த நல்லவரைக் கண்டால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கை கால் வீங்கி இரண்டு பஸ் ஏறப் போவது இவரில்லையே, இர்பானாதானே!

7

வெள்ளி. மணி மூன்றே முக்கால். இனி என்னால் ஸ்ரீரங்கத்தில் இருக்க முடியவில்லை. கதைக்குள் போய், கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் நிற்கிறேன். வெளியே தெருவோரமாகப் பெண்கள் வரிசை. புர்காவும் சேலையுமாக, கையில் போனோடு. உள்ளே ஆஷ்லி, இருதயநாதன், கமர் ஜஹான்.

இரண்டாவது முடிவு ஆஷ்லியின் திரையில் தயாராக இருக்கிறது.

“இருநூத்திப் பன்னெண்டும் ரெடிப்பா. நீங்க சரின்னு சொன்னா வரிசையா அனுப்பிடலாம்” என்றாள்.

இருதயநாதன் கையைப் பிசைந்தார். “அம்மாதான் சொல்லணும்” என்றார்.

“என்னது ஒண்ணு படி, கேப்போம்” என்றார் கமர் ஜஹான்.

ஆஷ்லி படித்தாள். “‘காவிரியின் ஈரக்காற்று தவழும் எங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகளாக வாழ்கிறேன். என் அன்புக் கணவர் மறைந்த பிறகு…’”

“யா அல்லா! நிறுத்தும்மா. எங்க வீட்டு மனுசர் கடையில உக்காந்து பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுட்டிருக்காரு. அவரைக் கொன்னுட்டீங்களே!”

எனக்குச் சுருக்கென்றது. பாக்கியமேரியை நான் கொன்றதும் இதே காரணத்துக்காகத்தான்.

“தப்பா வந்திருக்கும்மா, மாத்திடறேன்.”

“இதுல மாத்திடுவ. மீதி இருநூத்திப் பதினொண்ணுல யாரு வீட்ல யாரைக் கொன்னிருக்குன்னு அஞ்சு மணிக்குள்ள எப்படிப் பார்ப்ப?”

ஆஷ்லி அந்தப் பக்கத்தைச் சுருக்கித் திரையின் ஓரத்துக்குத் தள்ளினாள். “அப்போ உங்க சொந்த வார்த்தையிலேயே சொல்லுங்கம்மா. அப்படியே அடிக்கிறேன்” என்றாள்.

கமர் ஜஹான் தலைத்துணியைச் சரி செய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார். கவுண்ட்டருக்கு முன்னால் நிற்பதுபோல் நேராக நின்று சொன்னார்.

“ஐயா, மேற்படி முகவரியில் நான் என் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்.”

ஆஷ்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அம்மா, அது எங்கப்பா வார்த்தை.”

“என்ன உங்கப்பா வார்த்தை? ரேஷன் கார்டுக்கு இதான் சொன்னேன். பட்டாவுக்கு இதான். இர்பானா ஸ்காலர்ஷிப்புக்கு இதான். இருபத்தஞ்சு வருசமா கவர்மெண்ட்டுகிட்ட நான் பேசினது பூரா இதுதான். என் வார்த்தை இல்லாம இது வேற யாரு வார்த்தை?”

இருதயநாதன் மெதுவாகச் சொன்னார். “அவங்க கேக்கறது அது இல்லம்மா. இர்பானா நெலமையச் சொல்லுங்க. மரத்தடியில என்கிட்ட எப்படிச் சொன்னீங்களோ, அப்படி.”

“உங்ககிட்ட சொன்னேன், சரி. இதுல போட்டா யாரு படிப்பா?”

“எல்லாரும் படிக்கலாம். பொதுவுலதான் வரும்” என்றாள் ஆஷ்லி.

“என் மக கால் வீங்கினது, ராத்திரி மூச்சு வாங்கினது, எல்லாத்தையும் ஊரு பூரா உக்காந்து படிக்கணுமா? படிச்சாத்தான் நான் ஆளுன்னு நம்புவாங்களா?” கமர் ஜஹானின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு சொன்னார். “‘வேறு ஆதரவு இல்லை’ன்னு இவரு எழுதினா அதுக்குள்ள எல்லாம் வந்துடுது. புருசன் இருக்காரு, மருமகன் இருக்காரு, இருந்தும் அந்த நேரத்துக்கு யாரும் இல்ல. அதைப் போட்டு ஒடச்சுச் சொல்ல வேண்டியதில்ல. மானமா இருக்கும்.”

இந்த இடத்தில் நான் ஏதாவது எழுத வேண்டும். மனு வாசகம் பற்றி ஓர் அழகான பத்தி எழுதலாம். எழுதவில்லை. கருத்தரங்கில் இந்த அம்மாவை மேடையேற்றியிருந்தால் நாலாவது யோசனை டீ வருவதற்கு முன்னாலேயே செத்திருக்கும்.

8

மணி நாலரை.

“அப்போ பழசையே போடவாம்மா? மறுபடி தள்ளிடுவாங்க. இதான் கடைசி வாய்ப்பு, தெரியும்ல?” என்றாள் ஆஷ்லி.

கமர் ஜஹான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை நீட்டி உச்சியில் இருந்த எண்ணைக் காட்டினார்.

“இது என்ன?”

“பெறப்பட்டவை. எத்தனை வந்துச்சுன்னு கணக்கு.”

“தள்ளிட்டாங்களே, அப்புறமும் எங்களை எதுக்குச் சேர்த்து எண்ணியிருக்காங்க?”

“அது தானா ஏறும்மா. வந்ததைக் காட்டியே ஆகணும்னு விதி இருக்கு. அதை அவங்களாலயே மாத்த முடியாது.”

என் காது சூடாகிவிட்டது. ஐந்தாவது யோசனை! டம்ளர் சத்தத்தில் போனது! முன்வரிசைக்காரர் அதையும் எழுதிக்கொண்டுவிட்டார்!

“அப்போ தள்ளினாலும் ஏறும்.”

“ஏறும்.”

“மறுபடி போட்டா மறுபடி ஏறும்.”

“ஆமா.”

“நாநூத்து சொச்சம் வந்திருக்கு, மூணுதான் செல்லும்னு எழுதி வெச்சுக்கிட்டு ஆபீசைத் திறந்து உக்காருவாங்களா? பேப்பர்காரன் கேக்க மாட்டானா? ஜமாஅத்துல கேக்க மாட்டாங்களா? சர்ச்சுல கேக்க மாட்டாங்களா?” கமர் ஜஹான் இருதயநாதன் பக்கம் திரும்பினார். “அண்ணே, ஒரு கமா மாறக் கூடாது.”

இருதயநாதனுக்குப் பயம். கணினியின் திரையில் ஜெயிக்கிற மனுக்கள் இருநூற்றுப் பன்னிரண்டும் தயாராக இருக்கின்றன. இவர்கள் தோற்கிற மனுவைக் கேட்கிறார்கள், அதுவும் அவர் எழுதியதை. இந்த எண்ணை யாருமே பார்க்காமல் போனால்? பார்த்தும் தோளைக் குலுக்கினால்? இர்பானா என்ன ஆவாள்?

“நல்லா யோசிச்சுக்கங்கம்மா” என்றார்.

“யோசிச்சுட்டேன். நீங்க எழுதினதை இவ்வளவு நாள் நான் நம்பினேன்ல. இன்னிக்கு நீங்க கொஞ்சம் நம்புங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆஷ்லியைப் பார்த்துத் தலையசைத்தார். கமர் ஜஹான் ஓடிபியைச் சொல்லி, தன் விரலாலேயே அழுத்தினார். இரண்டு நொடி சக்கரம் சுற்றியது. ‘விதி ஏழின்படி ஒதுக்கப்பட்டது’ என்று வந்தது. மேலே எண் மாறியது.

பெறப்பட்டவை: 216. ஏற்கப்பட்டவை: 3.

“அடுத்து யாரு?” என்று ஆஷ்லி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

9

மணி நாலு ஐம்பது.

ஓர் ஓடிபி வர ஒரு நிமிஷம் ஆகிறது. வரிசையில் இன்னும் இருநூற்றுச் சொச்சம் பேர். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஐந்து மணிக்குள் பத்துப் பேர் முடிப்பார்கள். இருதயநாதன் சுவர்க் கடிகாரத்தையும் வரிசையையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஷரபுன்னிசா போனைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். யாரோ ஒருத்தர் போனில் சார்ஜ் இல்லை.

கதை எழுதுகிறவனுக்கு உருப்படியான அதிகாரம் ஒன்றுதான் உண்டு. அதை இப்போது எடுத்துக்கொள்கிறேன். இங்கே மணி நாலு ஐம்பது. ஐந்து ஆகாது. நான் ஆகவிட மாட்டேன்.

இனி என்ன நடக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. அந்த எண் ஏறி ஏறி யார் கண்ணையாவது உறுத்துமா, இல்லை மூன்றுதான் கடைசியில் செல்லுமா? நான் எழுதிய மூன்று முடிவிலும் இது இல்லை. மேஜையில் கிடந்த இரண்டாவது முடிவை ஆஷ்லி இன்னும் அழிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். திரையின் ஓரத்தில் சின்னதாகத் திறந்தே இருக்கிறது.

எனக்கும் ஒரு மனு போட வேண்டியிருக்கிறது. இருதயநாதனிடம் போய் நின்றேன்.

“சொல்லுங்க சார், என்ன விஷயமா?”

“ஒரு யோசனையை வாபஸ் வாங்கணும்.” அப்புறம், “இல்லை, முழுசா வேண்டாம். ஒரு வரி சேர்க்கணும். ஒதுக்கறதுக்கு முன்னாடி யாராவது ஒரு மனுஷர், அதுல பத்து பேருக்காவது போன் போட்டு, நீங்கதானாம்மான்னு கேட்கணும்னு.”

“உங்க யோசனைங்களா அது?” என்று அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆமா.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருக்கலாம். வெளியே காட்டவில்லை. பேனாவைத் திறந்தார்.

“எப்படி ஆரம்பிக்கட்டும்? உங்க வார்த்தையில சொல்றீங்களா?”

முப்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். எத்தனையோ தொடக்கம் எழுதிக் கிழித்திருக்கிறேன். அந்த மனிதர் பேனாவோடு காத்திருக்கும்போது ஒரு வார்த்தை வரவில்லை.

“வழக்கம்போலவே ஆரம்பிங்க” என்றேன்.

‘ஐயா, மேற்படி முகவரியில்’ என்று அவர் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, “இதை அவங்ககூட சேர்த்துத்தான் போடணும். வரிசையில நின்னுக்கங்க சார்” என்றார்.

வந்து நிற்கிறேன். எனக்கு முன்னால் இருநூற்றுச் சொச்சம் பேர். நீங்கள் இந்தப் பக்கத்தை மூடினால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை. மூடாமல் வருவதாக இருந்தால், தெருவுக்குள் நுழைந்ததும் கடைசி ஆள் யார் என்று கேளுங்கள். நான்தான். என் பின்னால் நின்றுகொள்ளுங்கள்.